ஓஸ்டர்முண்டிகனில் ஒரு சவூதிப் பூச்சு

வேலை தெரியாதவனால் வருகிற நாசம் சின்னது. அவனுக்குப் பயம் இருக்கும். நாலு பேரைக் கேட்பான், பாதியில் விட்டுவிட்டு ஓடியும் போவான். வேலை தெரிந்தவனைத்தான் பிடித்துக் கட்டிவைக்க வேண்டும். அவன் ஒருவரையும் கேட்கமாட்டான். நான் வேலை தெரிந்தவன்.

இதை நான் சிரித்துக்கொண்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் சொந்தக்காரர் நாலு பேர் ஒரு பிறந்தநாளுக்குக் கூடினால், கேக் வெட்டுமுன்பே யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். ஒருவராவது ஒழுங்காகச் சொன்னால் போகட்டும் என்று விடலாம். அண்ணை தன் பங்கை மறைத்துச் சொல்வார். அண்ணி பஞ்சாங்கத்தை மறைத்துச் சொல்வார். என் மனைவி மலர் எதையும் மறைப்பதில்லை, ஆனால் பாதிக் கதையிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாள், மிச்சத்தை ஆட்கள் அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார்கள். (போன முறை நான் ஏணியிலிருந்து விழுந்ததாகவும் ஒருவர் சேர்த்திருந்தார். நான் விழவில்லை. விழுந்தது சுவர்.)

சுவிசுக்கு வருமுன் நான் சவூதியில் மேசன். பாலைவனத்து ஓரத்தில் வரிசை வரிசையாக வீடுகள். அவற்றின் வெளிச்சுவர்ப் பூச்சைப் பழுதுபார்ப்பதுதான் எனக்கு வேலை. அந்த வெயிலில் சுவர் பகலில் விரியும், இரவில் சுருங்கும். முதலில் தலைமயிர் அளவுக்கு வெடிப்பு வரும். அதற்குள் மணல் போகும், உப்புப் பூக்கும், கடைசியில் பூச்சு சுவரை விட்டு ஊதிக்கொண்டு நிற்கும். சுத்தியலால் மெல்லத் தட்டிப்பார்த்து, பொக்கையாகச் சத்தம் கேட்கிற இடத்தை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பூசுவது பெரிய காரியமில்லை. தண்ணீர்தான் காரியம். பூசுமுன், சுவர் இனிப் போதும் என்று சொல்லும்வரை தண்ணீர் அடிக்க வேண்டும். பூசிய பிறகு, நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, அந்தச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டால் வெயில் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு மாவாக உதிரும். எங்கள் போர்மன் ஓர் எகிப்துக்காரர். அவர் வாயில் வருவது ஒரே சொல்: "மோயா! மோயா!" தண்ணீர், தண்ணீர். அந்த மனிசன் கத்திக் கத்தியே எனக்குத் தொழில் படிப்பித்தார்.

அப்படி ஒரு தெருவையே நிமிர்த்திவிட்ட கையை, பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சூப் கோப்பை கழுவ விட்டார்கள். எனக்குக் கோபம். சும்மா கோபம் இல்லை, காலையில் அலாரம் அடிக்குமுன் எழும்பி எனக்காகக் காத்திருக்கிற கோபம். ட்ராமில் போகும்போது ஜன்னலால் ஒவ்வொரு சுவராகப் பார்ப்பேன். இது பொக்கை, இது வெடிப்பு, இதைப் பூசினவனை உள்ளே போட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போவார்கள்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் மலரும் ஓஸ்டர்முண்டிகனில் அண்ணை குடும்பத்தோடு இருந்தோம். குடும்பத்தோடு என்றால், அவர்களுடைய வீட்டின் ஓர் அறையில், அவர்களுடைய பிள்ளைகளின் சைக்கிள்களோடும் தையல் மெசினோடும் இருந்தோம். மலருக்கு வயிற்றில் பிள்ளை. குளிப்பதற்கும் வரிசை, அடுப்புக்கும் வரிசை. அண்ணி நல்லவர், ஆனால் அந்த வீட்டில் ஒரு கோப்பையை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அதுபற்றி மூன்று நாளைக்குப் பேசாமல் இருந்து பேசுவார்.

ஒருநாள் மலர் கட்டிலில் இருந்துகொண்டு சொன்னாள். "இஞ்சாருங்கோ, எனக்கு நகை வேண்டாம், சீலை வேண்டாம். பிள்ளை பிறக்க முன்னம் கதவைச் சாத்திப்போட்டு அழ எனக்கெண்டு ஒரு வீடு வேணும்."

"ஏன் அழவேணும்?"

"அழுறனோ சிரிக்கிறனோ, அது என்ரை வீட்டுக்கை நடக்கட்டும்."

நான் வீடு தேடாமல் இல்லை. டெலிபோனில் என் பெயரைச் சொல்லி முடிக்குமுன்பே வீடு கொடுத்தாகிவிட்டது என்பார்கள். நேரில் போனால் என் முகத்தைப் பார்த்ததும் அந்த நிமிசத்திலேயே யாருக்கோ கொடுத்துவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் அண்ணி வாரத்துக்கு ஒருநாள் துப்புரவு வேலைக்குப் போகிற வீட்டில் கீழ்த்தளம் காலியாகிறது என்று தெரிந்தது. வீட்டுக்காரி ஃப்ராவ் கேர்பர், மேல்தளத்தில் தனியாக இருக்கும் வயதான அம்மா. அண்ணை, அண்ணி, மலர், நான் நால்வரும் போய் முன்னால் நின்றோம். ஓர் அறையும் ஒரு கூடமும் கேட்கப் போனவர்கள் ஊர்வலம் மாதிரிப் போயிருக்கக் கூடாது. அவர் இழுத்தார். யோசிக்கிறேன் என்றார். வீட்டின் தெற்குச் சுவரைக் காட்டி, இதைத் திருத்தாமல் யாருக்கும் கொடுக்க மனமில்லை என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன். நீளமாக வெடிப்புகள், ஜன்னலுக்குக் கீழே பூச்சு ஊதிப்போய் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு என்னைத் தெரிந்த ஒன்றை இந்த நாட்டில் கண்டேன்.

அண்ணை அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார். என் தம்பி சவூதியில் பெரிய மேசன், இந்தச் சுவரெல்லாம் அவனுக்கு விளையாட்டு என்று ஜெர்மனில் அடித்துவிட்டார். ஃப்ராவ் கேர்பர் என்னை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். "சுவர் நன்றாக வந்தால், வீட்டைப் பற்றிப் பேசலாம், ஹேர் ராஸா" என்றார். (ஃப்ராவ் என்றால் திருமதி, ஹேர் என்றால் திரு; என் பெயர் இராசரத்தினம். அவர் பாதியிலேயே களைத்துவிட்டார்.)

ரோட்டுக்கு வந்ததும் அண்ணை என் முதுகில் ஓர் அடி. "அவ்வளவுதான்ரா! வீடு கிடைச்ச மாதிரித்தான்!"

அடுத்த நாளே தொடங்கியிருக்கலாம். பொன்னான வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நான் பூசுகிற சாந்தகப்பை வாங்கி, சீமெந்தும் மணலும் சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறேன், அண்ணி பஞ்சாங்கத்தோடு குறுக்கே வந்து நின்றார்.

"இப்பதான் புரட்டாதி பிறந்திருக்கு. புரட்டாதியிலை ஆரும் வீட்டு வேலை தொடங்குவினமோ?"

"அண்ணி, அது ஊரிலை. இது சுவிஸ்."

"சுவிசிலை புரட்டாதி வாறேல்லையோ? வயித்திலை பிள்ளையோடை இருக்கிறவள் போய் இருக்கப்போற வீடு. விசர்க்கதை கதையாதை."

நான் கத்தினேன். வயிற்றுப் பிள்ளையைச் சொன்ன பிறகு மலரால் என் பக்கம் பேச முடியாது, அண்ணிக்கும் அது தெரியும். ஆக, புரட்டாதி முழுவதும் நான் ஆஸ்பத்திரியில் கோப்பை கழுவிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வெயில் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்தது. முதலில் அட்டமி, நவமி. பிறகு எனக்குச் சந்திராட்டமம். பிறகு அண்ணிக்கு மூக்கொழுகத் தடிமன், அவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டுமாம். கடைசியில் ஐப்பசி முடியப்போகிற நேரத்தில் ஒரு சுபநாள் வந்து சேர்ந்தது. அது நவம்பர் மாதம். மரங்களில் ஓர் இலை இல்லை. மூச்சு விட்டால் புகை வந்தது.

பாலில் வைத்தெடுத்த பூவைச் சுவரில் ஒற்றி, கற்பூரம் காட்டி, அண்ணி என்னிடம் சுத்தியலைத் தந்தார். ஃப்ராவ் கேர்பர் மேல் ஜன்னலிலிருந்து கோப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டினேன். பொக்கை. பக்கத்தில் தட்டினேன். அதுவும் பொக்கை. சாயங்காலம் ஆகும்போது சுவரில் பாதி கீழே கிடந்தது, உள்ளே இருந்த கல் பல்லைக் காட்டியது. ஃப்ராவ் கேர்பரின் ரோசாச் செடிகளை அண்ணை பலகையால் மூடினார். அவர் அன்றைக்குச் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான், அதுவும் பிறகு பயன்படவில்லை.

மறுநாள் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து சுவருக்குத் தண்ணீர் அடித்தேன். எப்படி அடித்தேன்! என் காதுக்குள் எகிப்துக்காரர் நின்று "மோயா, மோயா" என்று கத்தினார். சுவர் குளித்து, முற்றம் குளித்து, தண்ணீர் நடைபாதை வரை ஓடியது. ஃப்ராவ் கேர்பர் இறங்கி வந்தார்.

"ஹேர் ராஸா, ஏன் இவ்வளவு தண்ணீர்? இன்றிரவு உறைபனி என்று ரேடியோவில் சொன்னார்கள்."

நான் கையை வீசினேன். அந்தக் கையை இன்றைக்கும் நினைத்தால் வெட்டிப்போடலாம் போலிருக்கும். "பிரச்சினை இல்லை. சவூதி. நான் மேசன்."

மனதுக்குள் கொஞ்சம் உறுத்தியது உண்மை. அண்ணையிடம் கேட்டேன். அவர் தாடியைச் சொறிந்து ஒரு விஞ்ஞான விளக்கம் தந்தார். "சவூதியிலை பிரச்சினை என்ன? கெதியிலை காயிறது. இஞ்சை குளிர். காயவே காயாது. அப்ப இது இன்னும் நல்லமெல்லோ?"

எனக்கு அது சரியாகவே பட்டது. சொன்னவருக்கு மூளையில்லை என்றால், தலையாட்டினவனுக்கு?

பூசினேன். பொய் சொல்லக்கூடாது, நல்ல பூச்சு. கீழிருந்து கூரைவரை ஒரே மட்டம். ரோட்டில் நாயோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். மலர் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்து, கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு சுவரையே பார்த்தாள். "அந்த ஜன்னலடியிலை தொட்டில் போடலாம்" என்றாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. கோப்பை கழுவுகிறவன் அன்று மறுபடி மேசனானேன்.

பிறகு அரிசிச் சாக்குகள். அண்ணை ஒவ்வொரு பாஸ்மதிச் சாக்கையும் எறியாமல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் தோய்த்தெடுத்து, கூரை விளிம்பிலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு யானைப் படம். ஃப்ராவ் கேர்பரின் வீடு யானைகள் அணிவகுத்த மாதிரி நின்றது. போகுமுன் யானைகளுக்குக் கடைசியாக ஒருமுறை தண்ணீர் அடித்துவிட்டுப் போனேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் ஊர் முழுவதும் வெள்ளை. புல்லும் வெள்ளை, காரும் வெள்ளை. நானும் அண்ணையும் ஓடினோம், மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். நடைபாதையில் நான் ஓடவிட்ட தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அண்ணை அதில் கால்வைத்து, பின்புறம் அடிபட விழுந்து, கேற் வரைக்கும் இருந்தபடியே வழுக்கிக்கொண்டு போனார்.

சாக்கைத் தட்டினேன். 'டங்' என்றது. யானை தகரம் மாதிரி விறைத்து நின்றது. ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். சாக்கு வந்தது. சாக்கோடு பூச்சும் வந்தது. ஒரு துண்டு, இரண்டு துண்டு இல்லை, நான் பூசிய மட்டம் குலையாமல் முழுப் பாளமாக வந்து என் காலடியில் விழுந்து உடைந்தது.

"இழுக்காதை! இழுக்காதை!" என்று அண்ணை கேற்றடியிலிருந்து கத்தினார். "சுடுதண்ணி ஊத்தினால் சாக்கு இளகும்!"

அவர் சொல்லை ஏன் கேட்டேன்? ஏன், ஏன், ஏன்? ஃப்ராவ் கேர்பரின் சமையலறையிலிருந்து பெரிய பானையில் சுடுதண்ணீர் வந்தது. ஏணியில் ஏறி மேலேயிருந்து ஊற்றினேன். சாக்கு இளகியது. பூச்சு இளகியது. நான் கையே வைக்காத, அதுபாட்டுக்குப் பல வருசமாக நின்ற பழைய பூச்சும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. பலகை, ரோசாச் செடி எல்லாவற்றின் மேலும் இறங்கியது. யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. புழுதி அடங்கியபோது தெற்குச் சுவர் அநேகமாக வெறும் கல்லாக நின்றது.

அந்தக் கோலத்தில்தான் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சோடி வெளியே வந்தது. நல்ல கோட்டுப் போட்ட இளம் தம்பதி. ஃப்ராவ் கேர்பர் மேலங்கியோடு வாசலில் நின்றார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது, என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தார். அவர்கள் ஏதோ கேட்க, இவர் ஏதோ மழுப்ப, அண்ணை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நொண்டி நொண்டி வந்தார்.

"டேய், இவை வீடு பாக்க வந்தவை. ரெண்டு பேரும் பள்ளிக்கூட ரீச்சர்மாராம். சுவர் வடிவில்லை, திருத்தினால் வாறம் எண்டு இந்த வீட்டுக்கார மனிசியிட்டை முதலே சொல்லிப்போட்டினமாம்."

எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. என் சுவர், என் தண்ணீர், என் யானைகள், எல்லாம் இந்தக் கோட்டுக்காரர் வந்து குடியிருப்பதற்கு. மலர் தொட்டில் போட நினைத்த ஜன்னலுக்குக் கீழே அவர்கள் சோபா போடுவதற்கு!

அதற்குப் பிறகு நான் கத்தியதை முழுவதும் எழுத முடியாது. தமிழ் பாதி, அரபு பாதி, ஆஸ்பத்திரி ஜெர்மன் மிச்சம். "சுவர்! நீங்கள் சொன்னது! சுவர், பிறகு வீடு!" என்று ஏணியில் நின்றபடி பானையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். ஃப்ராவ் கேர்பர் திருப்பிச் சொன்னார்: "பேசலாம் என்றேன். தருகிறேன் என்று சொல்லவில்லை." உண்மையில் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். ரீச்சர்மார் சுவரைப் பார்த்தார்கள், ஏணியில் பானையோடு நிற்கிற என்னைப் பார்த்தார்கள், 'மிக்க நன்றி, நல்ல நாளாகட்டும்' என்று சொல்லி, பனியில் வழுக்காமல் கவனமாக நடந்து போய்விட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மலர் சிரிக்கிறாள். வாளியில் இருந்துகொண்டு, வயிறு குலுங்கக் குலுங்க, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரிக்கிறாள். ஒரு யானை அவள் காலடியில் கிடந்தது.

"என்ன பல்லைக் காட்டுறாய்?" என்று கத்தினேன். "வீடு போச்சு! எல்லாம் போச்சு!"

"எங்கை போச்சு?" என்று கண்ணைத் துடைத்தாள். எழுந்து, யானையைத் தாண்டி, ஃப்ராவ் கேர்பருக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை அப்படியே கொட்டினாள். "ஃப்ராவ் கேர்பர். இந்தச் சுவர். குளிர்காலம். யார் வருவார்? ஒருவரும் இல்லை." தன் நெஞ்சில் கை வைத்தாள். "நாங்கள் வருவோம். இன்றைக்கு."

ஃப்ராவ் கேர்பர் சுவரைப் பார்த்தார். வசந்தம் வரும்வரை அதில் யாரும் கைவைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். மலரின் வயிற்றைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். வெட்கப்பட்டாரோ, களைத்துவிட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஒரு நிபந்தனை" என்றார். "ஹேர் ராஸா உள்ளேயோ வெளியேயோ ஒரு சுவரிலும் கை வைக்கக் கூடாது."

சரி என்றாள் மலர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வீட்டில் குடிபுகுந்த அன்று, பிள்ளையார் படத்துக்கு ஆணி அடித்தவள் மலர். நான் அவள் ஏறிநின்ற கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெற்கு அறை அந்தக் குளிர்காலம் முழுவதும் ஐஸ்பெட்டியாக இருந்தது. ஆனால் கதவு இருந்தது, சாத்த முடிந்தது. அதற்குள் அவள் அழுதாளோ தெரியாது, சிரித்ததுதான் எனக்குக் கேட்டது. மாசி மாதம் மகள் பிறந்தாள். தொட்டிலை ஜன்னலடியில் போட முடியவில்லை, எதிர்ப்பக்கம் போட்டோம்.

வெயில் திரும்பிய பிறகு சுவிஸ் மேசன்மார் வந்து சுவரைப் பூசினார்கள். நான் உள்ளே நின்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர்களை முறைத்துக்கொண்டிருந்தேன். புகைபோக்கியின் ஓரமாக, உள்ளிருந்து சூடு பட்ட இடத்தில், என் பூச்சு ஒரு தட்டளவு விழாமல் நின்றிருந்தது. அதைச் சுத்தியலால் அடித்துப்பார்த்தார்கள். வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார்கள். வரவில்லை. அப்படியே விட்டு மேலால் வர்ணம் அடித்தார்கள். சாக்கின் இழைத்தடம் அதில் இன்றைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சவூதி'. ஃப்ராவ் கேர்பர்கூடக் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். அது அசையாமல் நிற்கிறது என்பதை மட்டும் எந்தப் பிறந்தநாளிலும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஆனால் எனக்கு உண்மையாகக் கோபம் வருவது இதற்கெல்லாம் இல்லை. அன்று நான் ஒழுங்காகப் பூசியிருந்தால், உறைபனி வராமல் இருந்திருந்தால், அந்த வீட்டில் ரீச்சர்மார்தான் இருந்திருப்பார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான வேலைதான் எங்களுக்கு வீடு தந்தது. நல்ல வேலை செய்தவனுக்குக் கிடைக்காததை, சுவரை விழுத்தியவனுக்குத் தந்த நாடு இது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லிக் கத்துவது?

போன கிழமை மகள் லோசானிலிருந்து போன் எடுத்தாள். கலியாணம் முடித்து அங்கே வேலைக்குப் போயிருக்கிறாள், வீடு தேடுகிறாள். "அப்பா, ஒரு வடிவான வீடு பாத்தம். எங்களுக்கு முன்னாலை வரிசையிலை நிறையச் சனம் நிக்குது. நீங்கள் ஒருக்கா சாக்கோடை வந்து வெளிச்சுவரைப் பூசிவிடுறீங்களோ?"

பின்னால் மருமகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. இங்கே சமையலறையிலிருந்து மலர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போனை டக்கென்று வைத்துவிட்டேன்.

வைக்குமுன், அந்தச் சுவர் எந்தப் பக்கம், எப்போது உறைபனி தொடங்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.